நடுவானில் இன்ஜின் நின்றால்: சிறு விமானத்தில் அவசர நிலையைச் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும் செஸ்னா 172-இன் இன்ஜின் நின்றுவிட்டால், விமானம் பொத்தென்று கீழே விழுந்துவிடாது. மூக்கைச் சரியான இடத்தில் பிடித்தால் நிமிடத்துக்கு 700, 800 அடி வீதம் சறுக்கிக்கொண்டே இறங்கும். தரையைத் தொட ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். காற்று அடங்கியிருக்கும் நாளில் அதற்குள் எட்டு கிலோமீட்டர் கடந்துவிடலாம். யோசிக்கவும், இறங்க இடம் பார்க்கவும், இன்ஜினை மறுபடி கிளப்பிப் பார்க்கவும் அந்த நேரம் போதும்.

இன்ஜின் நின்றதால் மட்டும் யாரும் சாவதில்லை. நின்ற அதிர்ச்சியில் யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்கை) நெஞ்சோடு சேர்த்து இழுத்து, வேகம் போய், ஸ்டாலாகி (இறக்கை தூக்குவிசையை இழந்து), ஒரு பக்கம் சாய்ந்து சுழன்று விழும்போதுதான் சாகிறார்கள். கட்டுப்பாட்டோடு வயலில் இறங்கி, சக்கரம் ஒடிந்து மூக்கு நசுங்கிய விமானத்திலிருந்து தாமே எழுந்து நடந்து வந்தவர்கள் நிறையப் பேர். இருநூறு அடியில் ஸ்டாலாகி விழுந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் ஒரே நோக்கம்தான்: விமானம் தரையில் நிற்கும்வரை நீங்கள் அதை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எண்களுக்கு 172-எஸ் மாடலை எடுத்துக்கொள்கிறேன். முழு எடையில் அதன் பெஸ்ட் கிளைடு வேகம், அதாவது இன்ஜின் இல்லாமல் அதிக தூரம் சறுக்கும் வேகம், 68 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்). பழைய 172-என் என்றால் 65, செஸ்னா 152 என்றால் 60. வேறு விமானம் ஓட்டுபவர்கள் அதன் கையேட்டில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) சட்டென்று மூடிப் பழக்கியதற்கு எந்தக் கட்டுரையும் ஈடாகாது. இதைப் படித்துவிட்டு அவரிடம் போய் இன்னொரு முறை செய்து பாருங்கள்.

## தரையிலேயே செய்ய வேண்டியவை

இன்ஜின் கோளாறு என்று சொல்லப்படுவதில் ஒரு நல்ல பங்கு, எரிபொருள் தீர்ந்துபோனதோ, டேங்கில் இருந்தும் இன்ஜினுக்கு வராமல் போனதோதான். கேஜ் முள்ளை நம்பாதீர்கள். இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து பாருங்கள். டேங்கின் அடியிலிருந்து கோப்பையில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கும்போது (இதைத்தான் சம்ப் எடுப்பது என்பார்கள்) 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும்; தண்ணீர் இருந்தால் நிறமில்லாத குமிழாக அடியில் தங்கும். கோப்பை முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் பிரிகோடு தெரியாது, சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் நிறத்தையும் வாசனையையும் சேர்த்தே பாருங்கள்.

அடுத்தது, ரன்வேயில் நுழைவதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்கள். "ஓடும்போதே ஏதாவது சரியில்லை என்றால் த்ராட்டிலை மூடி, பிரேக் பிடித்து நிறுத்துவேன். எழும்பிய பிறகு நின்றால், இன்ன உயரத்துக்குக் கீழே நேராக முன்னால்தான் இறங்குவேன். அதற்கு மேலே என்றால் இந்தப் பக்கம் திரும்புவேன்." தனியாக இருந்தாலும் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் போனவருக்கு, இன்ஜின் நின்ற முதல் நான்கைந்து விநாடி "இப்படி ஆகாதே" என்ற திகைப்பிலேயே போய்விடும்.

தோள்பட்டையைச் சுற்றி வரும் பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டவரின் தலை டாஷ்போர்டில்தான் போய் மோதும்.

## முதல் பத்து விநாடி

சத்தம் நின்றதும் கை தானாகவே மூக்கைத் தூக்கப் பார்க்கும். உயரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசைதான் காரணம். உயரம் எப்படியும் போகத்தான் போகிறது. வேகம் போகக் கூடாது. க்ரூஸில் (ஏறி முடித்து மட்டமாகப் போகும்போது) 110 நாட்டில் போய்க்கொண்டிருந்தால், வேகம் 68-க்கு இறங்கும்வரை மட்டத்தில் பிடித்து, பிறகு மூக்கை இறக்குங்கள். எழும்பும்போது 75-இல் இன்ஜின் நின்றால் அந்த அவகாசம் கிடையாது, யோக்கை உடனே முன்னால் தள்ள வேண்டும். தொடுவானத்துக்குக் கீழே மூக்கு எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்து அங்கேயே வையுங்கள். ஏர்ஸ்பீடு முள் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

68 வந்ததும் டிரிம். இதைச் சொல்லாத புத்தகம் இல்லை, பதற்றத்தில் மறக்காத மாணவரும் இல்லை. டிரிம் சக்கரத்தைப் பின்னால் உருட்டி, யோக்கை விட்டாலும் விமானம் 68-இல் நிற்கும்படி செய்துவிட்டால், மற்ற வேலைக்குக் கையும் மூளையும் கிடைக்கும். டிரிம் செய்யாதவர் ரேடியோவில் கை வைத்ததும் வேகம் 80-க்கு ஓடும், இல்லை 55-க்குச் சரியும்.

## எங்கே இறங்குவது

172 ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல் சறுக்கும். காகிதத்தில் பெரிய தூரம். எதிர்காற்றில் இதில் கணிசமான பங்கு காணாமல் போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் உயரம் கரையும். ஆகவே தொலைவில் தெரியும் பிரமாதமான மைதானத்தை நோக்கி ஓடாதீர்கள். காலடியில், இறக்கைக்குக் கீழே, பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து நேர் கீழே தெரியாது. லேசாகச் சாய்த்துப் பாருங்கள். கடந்து வந்த வயல் பல சமயம் முன்னால் இருப்பதைவிட நன்றாக இருக்கும்.

முதலில் காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். புகை, தூசி, குளத்துத் தண்ணீரில் ஓடும் அலை, நிழலின் நகர்வு எல்லாமே சொல்லும். எதிர்காற்றில் இறங்கினால் தரை வேகம் குறையும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு: மணிக்கு 80 கிலோமீட்டரில் தரையில் மோதி 9ஜி (புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு விசை) அளவில் சீராக நிற்க வேண்டுமானால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் போதும். 160 கிலோமீட்டரில் என்றால் பதினொரு மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. பத்து நாட் எதிர்காற்றும் பத்து நாட் பின்காற்றும் தரை வேகத்தில் இருபது நாட் வித்தியாசத்தைக் கொண்டுவருகின்றன.

பிறகு பரப்பு. அறுவடை முடிந்த காய்ந்த வயல் நல்லது. உழுத வயல் என்றால் சாலோடு சேர்ந்து இறங்குங்கள், குறுக்கே வேண்டாம். தமிழ்நாட்டில் பறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலிருந்து கம்பளம் விரித்ததுபோல் தெரியும் நாற்று நட்ட வயலில் தண்ணீரும் சேறும் நிற்கும். மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். வரப்பும் மேலிருந்து கண்ணுக்குப் படாது. காய்ந்த ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, கடற்கரையின் ஈர மணல் ஆகியவை அதைவிட மேல்.

சாலை எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. காலியான நெடுஞ்சாலை என்றால் சரி. ஆனால் சாலையோடு மின்கம்பியும், அறிவிப்புப் பலகையும், மேம்பாலமும், எதிரே வரும் லாரியும் சேர்ந்தே வரும். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை இடத்தை முடிவு செய்துவிட்டால், மிகப் பெரிய காரணம் இல்லாமல் மாற்றாதீர்கள். 500 அடிக்குக் கீழே வந்து மனம் மாறியவர்கள் இரண்டு இடத்தையும் கோட்டைவிட்டிருக்கிறார்கள்.

## ஏன் நின்றது என்று பார்ப்பது

விமானம் 68-இல் சறுக்குகிறது, இடத்தை நோக்கித் திரும்பிவிட்டீர்கள். இப்போதுதான் இன்ஜினைப் பார்க்க வேண்டும். 172-இல் கேபின் தரையிலிருந்து மேலே, பிறகு இடப்பக்கம் என்று கை ஒரே ஓட்டமாகப் போனால் எல்லாமே அகப்படும். கேபின் தரையில் ஃப்யூயல் செலக்டர்: 'போத்' (இரண்டு டேங்கும்) நிலையில் இருக்கிறதா? அதற்கு மேலே ஃப்யூயல் ஷட்-ஆஃப்: முழுக்க உள்ளே தள்ளுங்கள். மிக்ஸ்சர் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதம்): முழு ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். த்ராட்டில் திறந்திருக்கிறதா? எரிபொருள் பம்ப் சுவிட்ச்: ஆன். இக்னிஷன் சாவி: 'போத்'. புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் தேவையில்லை. நின்றுபோயிருந்தால் மட்டும் சாவியைத் திருப்புங்கள்.

பைப்பர் சீரோக்கி ஓட்டுபவர்களுக்கு 'போத்' கிடையாது; இடது அல்லது வலது டேங்க்தான். அங்கே முதல் மருந்தே பம்ப்பைப் போட்டு டேங்கை மாற்றுவது. ஒரு டேங்க் காய்ந்து, மற்றது நிறைந்திருக்க, விமானம் வயலில் இறங்கிய கதைகள் உண்டு.

கார்புரேட்டர் உள்ள விமானம் (152, 172-என் போன்றவை) என்றால் இன்னொரு சந்தேகம் ஐஸ். வெப்ப நாட்டில் ஐஸா என்று சிரிக்க வேண்டாம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரியும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பம் மளமளவென்று குறையும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், ஈரப்பதம் அதிகமாக இருந்து த்ராட்டிலையும் குறைத்திருந்தால் உள்ளே ஐஸ் கட்டலாம். மழை பெய்து விட்ட காலையும் கடலோரமும் அதற்கு ஏற்ற இடம். அறிகுறி: ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) காரணமில்லாமல் மெல்ல மெல்லச் சரியும், பிறகு இன்ஜின் குலுங்கும்.

கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழை) முழுவதும் இழுங்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை நடக்கும். சூடான காற்று அடர்த்தி குறைவு, அதனால் ஆர்பிஎம் இன்னும் கொஞ்சம் விழும். உருகிய தண்ணீரை இன்ஜின் விழுங்கும்போது முன்பைவிட மோசமாக இருமும், குதிக்கும். பயந்துபோய் ஹீட்டை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். அந்தக் குலுக்கல் ஐஸ் உருகுவதற்கான சாட்சி. சில விநாடியில் ஆர்பிஎம் தானாக ஏறும். இன்ஜின் முழுக்க நின்ற பிறகு இழுத்தால் சூடு கொடுக்க எக்ஸாஸ்டே ஆறிப்போயிருக்கும், அதனால் முதல் சந்தேகத்திலேயே இழுக்க வேண்டும். 172-எஸ் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். அதில் கார்ப் ஹீட்டே கிடையாது.

இரண்டு முறை முயன்றும் கிளம்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டே வயலைத் தவறவிடுவதில் பயன் இல்லை.

இன்ஜின் முழுக்க நிற்காமல் பாதிச் சக்தியில் இழுப்பது இன்னொரு வகை. என் கணக்கில் இதுதான் மோசமானது, ஏனென்றால் நம்பிக்கை கொடுத்து ஏமாற்றும். விமான நிலையம் வரை இழுத்துவிடலாம் என்று காட்டுக்கும் ஊருக்கும் மேலே போவோம், நடுவில் அது கைவிடும். எந்த நொடியும் முழுக்க நிற்கும் என்று வைத்துக்கொண்டு, இறங்கக்கூடிய இடங்களுக்கு மேலேயே பறந்து போங்கள். ஆயில் பிரஷர் விழுந்து, ஆயில் வெப்பமும் ஏறினால் இன்ஜினுக்கு ஆயுள் சில நிமிடம்தான். பிரஷர் விழுந்தும் வெப்பம் மாறாமல் இருந்தால் கேஜ் பழுதாக இருக்கலாம்; ஆனாலும் அருகில் உள்ள நிலையத்தில் இறங்கிவிடுங்கள்.

## ரேடியோ

ஓட்டுவது, வழி பார்ப்பது, பேசுவது. வரிசை இதுதான், பேச்சு கடைசி. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரால் உங்கள் விமானத்தின் மூக்கை இறக்கிவிட முடியாது. ஆனால் பேசாமலும் இருக்கக் கூடாது. உயரம் குறையக் குறைய ரேடியோ எட்டும் தூரமும் குறையும்.

ஏற்கெனவே யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்களோ அதே அலைவரிசையில் கூப்பிடுங்கள். யாரும் இல்லை என்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியில்) அவசரக் குறியீடு 7700. அழைப்பின் வரிசை: மூன்று முறை மேடே (உயிராபத்து என்று சொல்லும் அழைப்பு), நிலையத்தின் பெயர், உங்கள் கால்சைன் (ரேடியோவில் உங்கள் விமானத்தின் பெயர்), என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறீர்கள், இருக்கும் இடம், உயரம், எத்தனை பேர். உதாரணமாக: "மேடே மேடே மேடே, டவர், இன்ன கால்சைன், இன்ஜின் ஃபெயிலியர், ஃபோர்ஸ்டு லேண்டிங், டென் மைல்ஸ் சவுத், டூ தௌசண்ட் ஃபீட், டூ பெர்சன்ஸ் ஆன் போர்டு." பத்து விநாடி. வரிசை மாறினாலும் இலக்கணம் தப்பினாலும் யாரும் மார்க் போட மாட்டார்கள். பதிலுக்குக் கேள்வி மேல் கேள்வி வந்தால் "ஸ்டாண்ட் பை" என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் உதவி வேண்டும் என்றால் பான்-பான். இரண்டில் எது என்று குழம்பினால் மேடே என்றே சொல்லுங்கள். பேப்பர் வேலை வரும் என்று தயங்கி, எரிபொருள் தீரும்வரை வாய் திறக்காமல் இருப்பது அநியாயம்.

## கடைசி ஆயிரம் அடி

வயலுக்குப் பக்கவாட்டில், இறங்கும் இடத்துக்கு நேராக வரும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடி இருந்தால் வழக்கமான சர்க்யூட்போல (ரன்வேயைச் சுற்றி வரும் பாதை) பேஸ் என்ற குறுக்குப் பகுதி, ஃபைனல் என்ற கடைசி நேர்ப் பகுதி என்று திரும்பி இறங்கிவிடலாம். நேராக நீண்ட ஃபைனலில் வருவதைவிட இது எளிது, ஏனென்றால் உங்கள் கண்ணுக்குப் பழகிய படம் இது. உயரம் அதிகம் என்றால் பேஸை நீட்டலாம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்) போடலாம், ஃபார்வர்டு ஸ்லிப்பில் (விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு) இறக்கலாம். உயரம் குறைவு என்றால் குறுக்கே வெட்டித் திரும்புவதைத் தவிர வழியில்லை. மூக்கைத் தூக்கினால் தூரம் நீளாது, குறையும்.

குறியை வயலின் தொடக்கத்தில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள். வந்து சேர்வது உறுதி என்று தெரிந்த பிறகு ஃபிளாப் இறக்கிக் குறியை வயலின் தொடக்கத்தை நோக்கி இழுத்துக்கொள்ளலாம். எல்லைக்கு முன்னாலுள்ள மரத்தில் அறுபது நாட்டில் மோதுவதைவிட, இறங்கி ஓடி எதிர்முனை வேலியில் இருபது நாட்டில் மோதுவது எவ்வளவோ மேல்.

ஃபிளாப் இல்லாமல் 70 நாட், ஃபிளாப் இறக்கினால் 65. மிக்ஸ்சரை வெளியே இழுங்கள், ஃப்யூயல் ஷட்-ஆஃபை அடையுங்கள், இக்னிஷனை அணையுங்கள். மாஸ்டர் சுவிட்ச் (மொத்த மின்சாரத்துக்குமான சுவிட்ச்) மட்டும் கடைசியாக. 172-இன் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவது. மாஸ்டரை முதலில் அணைத்துவிட்டு ஃபிளாப் நெம்புகோலைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. கதவுகளின் தாழை விடுவித்து வையுங்கள், விமானத்தின் உடல் முறுக்கிக்கொண்டால் மூடிய கதவு சிக்கிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடியையும் சட்டைப்பை பேனாவையும் எடுத்துவிடும்படி பயணிகளிடம் சொல்லுங்கள்.

தரைக்கு அருகில் வந்ததும் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, மூக்கைத் தூக்கிய நிலையில், பின் சக்கரங்களால் தொடுங்கள். யோக்கைப் பின்னால் இழுத்தே பிடித்து மூக்குச் சக்கரத்தை முடிந்தவரை காற்றில் வையுங்கள். பிறகு பிரேக். மரங்களுக்குள்தான் போக வேண்டும் என்றால் இரண்டு அடிமரத்துக்கு நடுவே விமானத்தின் உடலைச் செலுத்தி இறக்கைகள் அடியை வாங்கும்படி விடுங்கள். விமானம் என்ன ஆனாலும் பரவாயில்லை. அது காப்பீட்டுக்காரருடைய கவலை. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருங்கள், ஆனால் வெளியே வந்த பிறகே ஊதுங்கள். உள்ளேயே ஊதினால் தண்ணீர் நிறைந்த கேபினில் கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள், கதவுக்குக் குனிய முடியாது.

நின்றதும் எல்லோரும் இறங்கி, காற்று வரும் திசையில் தள்ளிப் போய்த் தலையை எண்ணுங்கள். தீ இல்லை என்பது உறுதியானால் இஎல்டி கருவி (விமானம் விழுந்த இடத்தை ரேடியோவில் அறிவிப்பது) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் கருவியின் சிக்னல் செயற்கைக்கோளுக்குப் போய்விடும். பழைய 121.5 மட்டும் உள்ள கருவியைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் கேட்பதில்லை. விமானத்தை விட்டு ஊரைத் தேடி நடக்காதீர்கள். தேடுபவர்களுக்கு மனிதனைவிட விமானம்தான் சுலபமாகத் தெரியும்.

## எழும்பியதுமே நின்றால்

ரன்வே முடியும் இடத்தில் 300 அடியில் இன்ஜின் நின்றால், பின்னால் இருக்கும் ரன்வே காந்தம்போல இழுக்கும். திரும்பாதீர்கள். 180 டிகிரி திரும்பினால் ரன்வேக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்பீர்கள், ரன்வேமேல் அல்ல. அதில் சேர இன்னும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் 250 டிகிரிக்கு மேல். உயரத்தை மிச்சப்படுத்த 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் 19 விழுக்காடு ஏறும்: 172-எஸ்-க்கு 48 நாட் 57 ஆகிவிடும். இத்தனைக்கும் மேல் இப்போது பின்காற்று. தரை வேகமாக ஓடுவதுபோல் தெரிவதால் வேகம் அதிகம் என்று ஏமாந்து கை யோக்கை இழுக்கும். 200 அடியில் ஸ்டாலானால் மீட்க உயரம் கிடையாது.

முன்னால் இடமும் வலமுமாக ஏறத்தாழ 30 டிகிரிக்குள் என்ன கிடைக்கிறதோ அதில் இறங்குங்கள். எந்த உயரத்துக்கு மேலே திரும்பலாம் என்பதை இன்ஸ்ட்ரக்டரோடு 3,000 அடியில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: த்ராட்டிலை மூடி, நான்கு விநாடி சும்மா இருந்து, திரும்பி, எத்தனை அடி போனது என்று பார்த்து, அதோடு பாதியைக் கூட்டுங்கள்.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய ரயன் பிடி-22, கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் எழும்பிய சிறிது நேரத்தில் சக்தி இழந்தது. திரும்ப அனுமதி கேட்டார். ரன்வே எட்டாது என்று தெரிந்ததும் அருகிலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தை நோக்கினார். மர உச்சியில் உரசி, பலத்த காயத்தோடு இறங்கினார். கார்புரேட்டரின் மெயின் மீட்டரிங் ஜெட் மரை கழன்றிருந்ததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டுபிடித்தது. தோள் பெல்ட் சரியாகப் பொருத்தப்படாதது காயத்தை மோசமாக்கியது என்றும் சொன்னது. ரன்வே எட்டாது என்று ஏற்றுக்கொண்ட அந்த முடிவை மட்டும் இங்கே கவனியுங்கள்.

## தீ, கரண்ட், கதவு

இன்ஜின் பகுதியில் தீ என்றால் மிக்ஸ்சரை இழுங்கள், ஃப்யூயல் ஷட்-ஆஃபை அடையுங்கள், பம்ப் ஆஃப், மாஸ்டர் ஆஃப், கேபின் ஹீட்டும் காற்றும் அடைப்பு. வேகத்தை 100 நாட்டுக்கு ஏற்றுங்கள்; அணையாவிட்டால் இன்னும் ஏற்றலாம். அணைந்த பிறகு இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கும் ஆசை வேண்டாம். கேபினுக்குள் வயர் கருகும் வாசனை வந்தால் மாஸ்டரை அணையுங்கள், இன்ஜின் நிற்காது.

காரணம், ஸ்பார்க்குக்கு வேண்டிய மின்சாரத்தை மேக்னெட்டோ தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆல்டர்னேட்டர் போனாலும் அதே கதைதான். தேவையில்லாததை அணைத்தால் பேட்டரி கொஞ்ச நேரம் ஓடும். பகலில், தெளிந்த வானில் இது அவசர நிலையே இல்லை. ரேடியோ போனால் டிரான்ஸ்பாண்டரில் 7600. கோபுரத்து விளக்கைப் பாருங்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்ற வேண்டும்.

கதவு திறந்துகொண்டால் பயங்கரமாக இரையும், காகிதம் பறக்கும். அவ்வளவுதான். மூடப் போராடி வேகத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் விழுந்தார்கள். சுற்றி வந்து இறங்கிய பிறகு மூடிக்கொள்ளலாம்.

சிரஸ் விமானத்தில் கூரையில் சிவப்பு கைப்பிடி இருக்கும். இரண்டு கையாலும் கீழே இழுத்தால் விமானத்துக்கே பாராசூட் விரியும். 2002 அக்டோபரில் டெக்சாஸில் முதன்முதலாக ஒருவர் அதனால் பிழைத்தார். போதுமான உயரம் இருக்கும்போதே இழுக்க வேண்டும்.

## மேகத்துக்குள் நுழைந்துவிட்டால்

இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உயிரைப் பறிக்கும் அவசரம் இது. வெளியே ஒன்றும் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் மெல்லச் சாய்ந்துகொண்டே போகும்போது நேராக இருப்பதாகவே தோன்றும். 1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடி ஜூனியர் பைப்பர் சரடோகாவில் மார்த்தாஸ் வினியார்ட் அருகே கடலில் விழுந்ததற்கு, இருளிலும் மூட்டத்திலும் திசை உணர்வு தப்பியதையே விசாரணை காரணமாகச் சொன்னது. விமானத்தில் இருந்த மூவரும் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு எதுவும் அகப்படவில்லை.

ஆட்டிட்யூட் இண்டிகேட்டரை (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியை) மட்டும் பாருங்கள். முதலில் இறக்கைகளை மட்டமாக்குங்கள், மூச்சு விடுங்கள். பிறகு ஸ்டாண்டர்டு ரேட்டில், அதாவது விநாடிக்கு மூன்று டிகிரி வீதம், வந்த வழியே திரும்புங்கள். 180 டிகிரிக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடமும் "சாய்கிறோம், விழுகிறோம்" என்று உடம்பு கத்தும். உடம்பை நம்பாதீர்கள். ஆட்டோபைலட் இருந்தால் அதனிடம் கொடுத்துவிடுங்கள், இதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. கீழே தரை தெரியலாம் என்று இறங்கிப் பார்க்காதீர்கள்.

## பைலட்டுக்கே மயக்கம் வந்தால்

இந்தப் பகுதி வலப்பக்க இருக்கையில் உட்காரும் நண்பருக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும். 2013 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹம்பர்சைடு விமான நிலையத்தில், ஒரு செஸ்னா 172-ஐ ஓட்டிய நண்பர் மயங்கிவிட, 77 வயதுப் பயணி ரேடியோவில் இன்ஸ்ட்ரக்டர் சொல்லச் சொல்ல, இருட்டும் நேரத்தில் இறக்கினார். நண்பர் பிழைக்கவில்லை. 2022 மே மாதம் ஃபுளோரிடாவில் செஸ்னா கேரவன் ஒன்றில் பைலட் சுருண்டுவிட, விமானம் ஓட்டியே அறியாத பயணி பாம் பீச் விமான நிலையத்தில் இறக்கினார். அங்கே வழிகாட்டிய கட்டுப்பாட்டாளர் இன்ஸ்ட்ரக்டராகவும் இருந்தவர். அந்த பைலட் உயிர் பிழைத்தார்.

முதலில் மயங்கியவரின் உடல் யோக்கில் சாயாமல் பின்னால் இழுத்து, தோள் பெல்ட்டை இறுக்குங்கள். அவர் கால் பெடலில் அழுந்தியிருந்தால் அவருடைய இருக்கையைப் பின்னால் தள்ளுங்கள். உங்கள் முன்னாலும் ஒரு யோக் இருக்கிறது. இரண்டு விரலால் பிடியுங்கள், இறுக்கிப் பிடித்தால் விமானம் ஏறி இறங்கி ஆடும். வெளியே தொடுவானம் மட்டமாகத் தெரியும்படி வைத்தால் போதும். 'ஏபி' என்று எழுதிய பொத்தானின் விளக்கு எரிந்தால் ஆட்டோபைலட் ஓட்டுகிறது, அதைத் தொடாதீர்கள்.

யோக்கின் கொம்பில் விரல் படும் இடத்தில் சிறு பொத்தான். அழுத்திக்கொண்டு பேசுங்கள், விட்டால்தான் பதில் கேட்கும். அலைவரிசையை மாற்ற வேண்டாம். "மேடே, பைலட் மயங்கிவிட்டார், எனக்கு ஓட்டத் தெரியாது" என்று ஆங்கிலமோ அவர்களுக்குப் புரியும் மொழியோ, வந்த வார்த்தையில் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால்தான் 121.5. யாராவது ஒருவர் உங்கள் விமானத்தை அறிந்த ஆளைத் தேடிக் கொண்டுவருவார். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்பார். அது போதுமான அளவு இருந்தால் அவசரமே இல்லை. யோக்கைத் திருப்பி, தள்ளி, இழுத்துப் பழகிக்கொள்ள நேரம் தருவார்.

நடுவில் கறுப்புக் குமிழ் த்ராட்டில்: உள்ளே தள்ளினால் சக்தி, வெளியே இழுத்தால் குறைவு. பக்கத்துச் சிவப்புக் குமிழ் மிக்ஸ்சர். பறக்கும்போது அதைத் தொடக் கூடாது. பெரிய, நீளமான ரன்வேக்குத்தான் உங்களைக் கொண்டுபோவார்கள். முதல் முறை சரியாக வரவில்லை என்றால் கறுப்புக் குமிழை முழுக்கத் தள்ளி மேலே ஏறி, மறுபடி சுற்றி வரலாம். தரையைத் தொட்டதும் கறுப்புக் குமிழை முழுவதும் வெளியே இழுங்கள். ரன்வேயில் திசை திருப்புவது கையால் அல்ல, கால் பெடலால். பெடலின் மேல் நுனியை அழுத்தினால் பிரேக். விமானம் நின்ற பிறகு சிவப்புக் குமிழை இழுங்கள், இன்ஜின் அணையும். புரொப்பெல்லர் முழுக்க நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவைத் திறந்து, இறக்கைக்குப் பின்பக்கமாக இறங்குங்கள்.